காரின் சாவியும் அதன் இரகசிய எண்ணும்

பற்கள் பொருந்திய சாவி கிடைத்தால் எந்தக் காரையும் ஓட்டிச் செல்லலாம் என்பது பழைய நிலை. இன்றைய கார்கள் பலவற்றில் அத்தகைய சாவி பூட்டைத் திருப்புமேயன்றி எஞ்சினை ஓடவிடாது. பிரிட்டனில் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட திருட்டுத் தடுப்பு அமைப்பே இதற்குக் காரணமாகும்.

சாவியின் தலைப்பகுதிக்குள் மின்னணுச் சில்லு ஒன்று புதைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மின்கலம் கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மாறுமின்சாரம் பாயும்பொழுது, சாவியிலுள்ள நுண்ணிய சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. 1831-ல் பாரடே கண்டறிந்த தத்துவமே இது. இவ்வாறு உயிர்பெற்ற சில்லு தனது இரகசிய எண்ணைக் கொண்டு விடையளிக்கிறது. காரின் கட்டுப்பாட்டுக் கருவி தன் நினைவிலுள்ள பதிவோடு அவ்விடையை ஒப்பிடுகிறது. பொருந்தாவிடில் எஞ்சின் ஓடாதபடி தடுத்துவிடுகிறது. ஆகவே புதிய சாவிக்குப் பற்களை வெட்டினால் மட்டும் போதாது. காரின் நினைவிலும் அதனைப் பதிவு செய்தல் வேண்டும்.

அமெரிக்காவில் விற்கப்பட்ட போர்டு கார்கள் பலவற்றில் உரிமையாளரே இதனை வீட்டில் செய்துகொள்ள இயலும். ஏற்கெனவே பதிவான இரு சாவிகள் கையில் இருத்தல் அவசியம். முதற் சாவியைச் செருகி, எஞ்சினைக் கிளப்பாமல், மின் இணைப்பு நிலைக்குத் திருப்பிச் சில விநாடிகள் வைத்திருந்து, மூடி எடுத்துவிட வேண்டும். உடனே இரண்டாவது சாவியைக் கொண்டு அவ்வாறே செய்ய வேண்டும். பின்னர்த் தாமதமின்றிப் புதிய சாவியைச் செருகித் திருப்பினால் அதன் எண் பதிவாகிவிடும். இவ்வாறு 8 சாவிகள் வரை பதியலாம். காலவரையறை மாதிரிக்கு மாதிரி வேறுபடுமாதலால், அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்த்தே செய்தல் நலம். பதியும்பொழுது மற்றச் சில்லுச் சாவிகளைப் பூட்டின் அருகே வைத்திருத்தலாகாது. அவற்றின் விடையும் கலந்து குழப்பம் விளையக்கூடும்.

இரு சாவிகள் எதற்கு என்னும் வினா எழலாம். ஒரு சாவியே போதுமெனில், காரை நிறுத்திவைக்கச் சாவியை வாங்கிச் சென்ற பணியாள்கூட நொடிப்பொழுதில் தனக்கொரு சாவியைப் பதிந்துகொள்ள முடியும். இரண்டும் ஒருங்கே பிறர் கைக்குச் செல்வது அரிது. ஆனால் இக்காவலே உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. இரண்டில் ஒன்று தொலைந்துவிட்டால் வீட்டில் பதியும் வழி அடைபட்டுவிடும். தக்க கருவியுள்ள தொழிலாளரையே நாட நேரும். எனவே இரண்டும் இருக்கும்பொழுதே மூன்றாவதைச் செய்து வைத்துக்கொள்வது அறிவுடைமையாகும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. புதிய சாவியைப் பதிவதனால் தொலைந்த சாவியின் பதிவு நீங்கிவிடாது. அது எவர் கையிலேனும் கிடைத்தால் முன்போலவே காரைக் கிளப்பும். சாவி களவு போயிருப்பின், பழைய பதிவுகள் அனைத்தையும் அழித்து, கையிலுள்ள சாவிகளை மட்டும் மீண்டும் பதியச் செய்வதே தக்க காப்பாகும்.