வேதாளத்தையும் ஆட்டத்தில் சேருங்கள்

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகி, பகடை உருட்டி ஆட வேண்டும். இங்கே மாட்டுப்பட்டியில் விடுமுறைக்கு வரும் என் பேரப்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். எதிரே வருவதெல்லாம் டிராகனும் கோப்ளினும்தான்.

1977-ல் வந்த அதன் அரக்கர் கையேட்டில் நம் ராட்சசனும் உண்டு. புலித்தலை, புகைக்குழாய்! ராவணன் கதை கேட்டு வளர்ந்த நமக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் சாதாரண ஆயுதம் அவனை ஒன்றும் செய்யாது. ஆசீர்வதித்த அம்பு ஒன்று பட்டால் செத்தான். அதுதான் சூட்சுமம்.

அரக்கனைத் தேர்ந்தெடுக்கும்போது பலத்தைவிடப் பழக்கத்தைப் பாருங்கள். வேதாளம் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். திறந்தாலோ அது மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். வாளுக்கு அங்கே என்ன வேலை? கேரளத்து யட்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் நீட்டாமல் இரும்பு முனையில் கொடுப்பவன் பிழைப்பான். இந்தத் துப்பை மட்டும் முன்கூட்டியே ஒரு கிழவி வாயால் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஓர் இரவுக்கு ஒரு பேய் போதும்.

மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டி கதை கேட்க நேரமில்லை. ஆட்டத்தில் யட்சி வந்தபின், “வேறு என்ன பேய் உண்டு பாட்டி?” என்று என் மனைவியிடம் அவர்களே போய்க் கேட்கிறார்கள்.

இடமும் வெளியே தேட வேண்டாம். 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை மாட்டுப்பட்டி வழியாகத்தான் போனது. ரயில்வேக்காரன் சொல்கிறேன்: வண்டி வராத ஸ்டேஷனில், இரவில் ஒருத்தி சுண்ணாம்பு கேட்டு நிற்கட்டும்.