பால் மறந்த பன்றிக்குட்டிக்கு எவ்வளவு தவிடு?

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் ஒரு குடும்பம் கடன் எடுத்து இரண்டு பன்றிக்குட்டிகளை வாங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரங்களுக்குள் குட்டிகள் தண்ணீராகக் கழிந்து இறந்தால் கடன் மட்டுமே மிஞ்சும். இவ்விழப்பில் ஒரு பகுதியைத் தீனியிற் கவனம் செலுத்தித் தவிர்க்கலாம்.

குட்டியின் சிறுகுடலின் உட்புறத்தில் விரல் போன்ற நுண்ணிய சடைமுளைகள் உள்ளன. உணவை உறிஞ்சுவன இவையே. தாய்ப்பால் நின்று, குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாதிருக்கும்போது இவை குறுகிவிடுகின்றன. இரைப்பையிலும் போதிய அமிலம் சுரப்பதில்லை. சமிக்காத புரதம் பெருங்குடலுக்குச் சென்று அழுக, கழிச்சலை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. கெதியாக வளரட்டும் என்று கருவாட்டுத் தூளையும் புண்ணாக்கையும் அள்ளிப் போடுவது இதனாலேயே கேடாகின்றது.

நார்ச்சத்தைக் குட்டியால் நேரடியாகச் சமிக்கச் செய்ய முடியாது. ஆனால் பெருங்குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்கள் அதன் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் பியூற்றிரிக் அமிலம் பெருங்குடற் சுவருக்கு உணவாகின்றது. நொதிக்காத பகுதி உணவைத் தேங்கவிடாமல் நகர்த்துகின்றது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அரிசித் தீனியுடன் நூற்றுக்கு 2 பங்கு ஓட்ஸ் உமியைச் சேர்த்தபோது குட்டிகளின் கழிச்சல் குறைந்தது. நூற்றுக்கு இரண்டே பங்கு என்பதைக் கவனியுங்கள்!

எமது நெல் உமியை அவ்வாறு கொடுக்கலாமா? கூடாது. அதில் மணல் போன்ற சிலிக்கா மிகுதி; சத்தும் இல்லை. சிறிய ஆலைகளிற் கிடைக்கும் தவிட்டில் உமி பெருமளவு கலந்திருக்கும். ஒரு பிடியைத் தண்ணீரில் இட்டுக் கலக்கினால் உமி மேலே மிதக்கும். அத்தகைய தவிட்டை அரித்தெடுத்தே கொடுக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது விரைவிற் பழுதாகும். பழைய எண்ணெய் மணம் வீசினால் குட்டிக்கு வேண்டாம்.

குருணலை நன்றாக அவித்த கஞ்சியே பால் மறந்த குட்டிக்கு நல்ல அடிப்படை உணவு. கரடான கோதுமைத் தவிடு கிடைத்தால், ஒரு கிலோ உலர் தீனிக்கு ஏறக்குறைய 40 கிராம் போதும். அரிசித் தவிடாயின் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருப்பது நன்று. தாய்ப்பன்றி இதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தின்னும்; அதன் பெருங்குடல் பழகியது. குட்டியின் சிறிய வயிறு தவிட்டால் நிரம்பினால் வளர்ச்சி நின்றுவிடும். வற்றாளைக் கொடியைப் பொடியாக நறுக்கிச் சிறிதளவு கொடுக்கலாம். பச்சை மரவள்ளி இலையில் நஞ்சுண்டு, தவிர்த்துவிடுங்கள்.

எதையும் திடீரென மாற்றாதீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்தே தாயுடன் இருக்கும்போது சிறிது தீனியைப் பழக்கி, ஆறு வாரத்துக்கு முன்னர் பிரிக்காமல் விடுவது சிறந்தது. பிரித்த முதல் வாரம் நாளுக்கு நான்கைந்து தடவை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். குட்டிகளை வெளியிலிருந்து வாங்குவோர், முன்பு என்ன தின்றன என்று கேட்டு, அதே தீனியைச் சில நாட்கள் தொடர வேண்டும்.

கழிச்சல் கண்டால் தீனியைக் குறைத்து, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி குடிக்க வையுங்கள். இரத்தம் போனாலோ, காய்ச்சலுடன் பல பன்றிகள் ஒருமித்துப் படுத்தாலோ அது தீனிக் கோளாறு அன்று. 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் பரவியது. அன்றே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்; அவர் வரும்வரை ஒரு பன்றியையும் பட்டியிலிருந்து வெளியே கொண்டுபோகவோ விற்கவோ வேண்டாம்.