பிரசவ காலத்தில் சிசுவுக்கு நேரும் சேதமும் அதைத் தடுக்கும் வழிகளும்

சிசு மரணம் குறைந்திருப்பது தமிழ்நாட்டுக்குப் பெரிய நன்மையாகும். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிருடன் பிறந்த 1,000 சிசுக்களில் முதல் 28 தினங்களுக்குள் இறந்தவை இந்தியா முழுமைக்கும் 20, தமிழ்நாட்டில் 9. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரிகளிலேயே நடைபெறுகின்றன. ஆயினும், ஆஸ்பத்திரி வாசலை அடைந்தவுடன் அபாயம் நீங்கிவிட்டதென்று எண்ணுவது தவறு. பிரசவ வேதனையின் சில மணி நேரமும், சிசு பிறந்தபின் வரும் சில நிமிஷங்களுமே பல குழந்தைகளின் ஆயுளையும் அறிவையும் நிர்ணயிக்கின்றன.

சேதம் நேரும் விதம்

வேதனையின்போது கருப்பை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிசுவுக்குச் செல்லும் ரத்தம் சற்றுக் குறைகிறது. சுருக்கம் தளர்ந்ததும் பழைய நிலைக்கு வருகிறது. வேதனை மிக நீடித்தாலும், சுருக்கங்களுக்கிடையே ஓய்வு போதாவிட்டாலும், தொப்புள் கொடி அழுந்தினாலும் பிராணவாயு குறைந்து சிசுவின் மூளை கெடுகிறது. அவ்விதம் கெட்டபின் பிழைக்கும் குழந்தைகளில் சிலருக்கு வலிப்பும், கை கால் விறைப்பும், அறிவு வளர்ச்சிக் குறைவும் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடுகின்றன.

இச்சேதத்தைப் பின்னர் சரிப்படுத்துவது எளிதன்று. குழந்தையின் உடலை 72 மணி நேரம் குளிரச்செய்யும் சிகிச்சை செல்வம் மிகுந்த நாடுகளில் பலன் தந்தது. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில், சென்னை உட்பட 7 ஆஸ்பத்திரிகளில், 408 குழந்தைகளைக் கொண்டு அது பரீட்சிக்கப்பட்டது. குளிரச்செய்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேரும், மற்றவர்களில் 31 பேரும் இறந்தனர். 2021இல் வெளியான இம்முடிவு புகட்டும் பாடம் யாதெனில், வருமுன் காப்பதே இங்குள்ள முதன்மையான மருந்து என்பதாம்.

மற்றொரு சேதம் கை நரம்புகளைப் பற்றியது. தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும்போது தலையைப் பலமாக இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் அறுபட்டுக் கை செயலற்றுப் போகலாம். அப்போது செய்ய வேண்டிய முதற் காரியம் தாயின் முழங்கால்களை வயிற்றின் பக்கம் நன்கு மடக்கிப் பிடிப்பது, இழுப்பதன்று. சர்க்கரை நோயுள்ள தாயின் சிசு பருத்திருக்கக்கூடும். ஆதலால் இவ்வபாயம் அதிகம். 75 கிராம் குளுகோஸ் கலந்த நீரைப் பருகி 2 மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதிக்கும்போது, சர்க்கரை 140 மில்லிகிராம் அளவை எட்டினாலே கர்ப்பிணிக்குச் சிகிச்சை அவசியமாகும்.

தடுக்கும் வழிகள்

சிசுவின் இருதயம் நிமிஷத்துக்கு 110 முதல் 160 தடவை துடிப்பது இயல்பு. வேதனை பலப்பட்டபின் அரைமணிக்கு ஒரு முறையேனும், முக்கும் கட்டத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு முறையும் அதைக் கேட்டுக் குறிக்க வேண்டும். பிரசவத்தின் முன்னேற்றத்தைக் கோடிட்டுக் காட்டும் அட்டவணை 1972இல் பில்பாட், காஸில் என்னும் இரு வைத்தியர்களால் ரொடீஷியாவில் செம்மைப்படுத்தப்பட்டது. தாமதத்தை அது முன்னதாகவே காட்டிவிடும். தாயை உரிய வேளையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அதுவே வழிகாட்டி. வேதனையை விரைவுபடுத்தும் ஊசியைக் கண்காணிப்பின்றிப் போடுவதும், வயிற்றை அமுக்கித் தள்ளுவதும் தாய் சேய் இருவருக்கும் கேடு.

பிறந்த சிசு அழாவிடில் தலைகீழாகப் பிடித்துத் தட்டுதல் கூடாது. உடனே துடைத்து, உலர்ந்த துணியால் சுற்றி, முதுகைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் மூச்சு வராவிடில், ஒரு நிமிஷத்துக்குள் முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்ட வேண்டும். இதில் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு பிரசவத்திலும் அருகில் இருத்தல் அவசியம்.

சங்கங்களின் கடமை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வயல்களுக்கிடையே தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் பாரலாரிகளின் நெருக்கடி உண்டு. வெளியூர்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் குடியிருப்போர் பலர். அவர்களிற் பலருக்குத் துணைக்கு வர உற்றார் அருகில் இல்லை. ஆகவே கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்.

(1) தங்கள் கிராமத்துக் கர்ப்பிணிகள், குடிவந்தவர்கள் உட்பட, கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு பெற்றிருக்கின்றனரா என்று விசாரித்தல்.

(2) பிரசவ மாதத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியையும், இரவில் கிடைக்கக்கூடிய வாகனத்தையும், துணைக்குச் செல்பவரையும் தீர்மானித்தல். 108 வண்டிக்குக் கட்டணமில்லை.

(3) சிசுவின் அசைவு குறைந்தாலும், நீர்க்குடம் உடைந்து பச்சை நிற நீர் வந்தாலும், ரத்தப்போக்கோ வலிப்போ கண்டாலும் விடியும்வரை காத்திராமல் உடனே புறப்படச்செய்தல்.

(4) காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ அனுப்பும்போது, அங்குள்ளவர்கள் ஆயத்தமாயிருக்கும்படி முன்கூட்டியே தகவல் சொல்லச் சொல்லுதல்.

(5) பிரசவத்தின்போது தாயுடன் ஒரு பெண் துணை இருக்கச்செய்தல்.

விதைப்புக்குப் பருவம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். பிரசவத்தில் தவறிய சில நிமிஷங்களை எந்தப் போகத்திலும் ஈடு செய்ய இயலாது. ஒரு குடும்பத்தால் தனியே ஆகாத ஏற்பாட்டைச் சேர்ந்து செய்வதற்கென்றே சங்கம் ஏற்பட்டது. கடனுக்கும் உரத்துக்கும் கூடும் அங்கத்தினர்கள், பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்காகவும் ஒரு நாள் கூடி இவ்வேற்பாடுகளைச் செய்வார்களாயின், அதனினும் சிறந்த கிராம சேவை வேறில்லை.