வேர்ச்சொத்தையும் லேசர் ஒளியும்

ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் பல்லில், சொத்தையைச் சுரண்டி எடுத்துச் சிமென்ட் வைத்து அடைத்த பின்னரும், அடைப்பின் ஓரத்தை ஒட்டியே மறுபடி சொத்தை விழுகிறதே, அதை லேசர் சிகிச்சை அடியோடு ஒழித்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது மெய்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடியோடு ஒழிக்கும் என்பது மிகை. ஆனால் அந்த மிகைக்கு அடியில் கிடக்கும் விஞ்ஞானம் மெய்யானது, மிக அழகானதும் கூட.

பல்லின் தலையைப் போர்த்தியிருக்கும் எனாமல், அமிலம் மிகுந்து வாயின் பி.எச். 5.5 அளவுக்கு இறங்கினால்தான் கரையத் தொடங்கும். எனாமல் கவசம் இல்லாத வேரோ 6.2-க்கும் 6.7-க்கும் இடையிலேயே கரையத் தொடங்கிவிடும். அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே பிரஷ்ஷின் நார் நுழையாத சூக்ஷ்மமான இடுக்கு ஒன்று விழுந்துவிட்டால், கிருமிகளுக்கு அதைவிடச் சௌகரியமான வாசஸ்தலம் வேறில்லை.

பல்லின் தாதுவாகிய அபடைட் படிகம் சுத்தமானதன்று. பாஸ்பேட் இருக்கவேண்டிய ஸ்தானங்கள் சிலவற்றில் கார்பனேட் புகுந்து படிகத்தின் கட்டுக்கோப்பைத் தளர்த்தியிருக்கிறது. அமிலம் எளிதில் பற்றிக்கொள்வது அந்தத் தளர்ச்சியைத்தான். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் தரும் 9.3, 9.6 மைக்ரான் அலைநீளக் கிரணங்களின் அதிர்வோ, பாஸ்பேட்டின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போவது. ஆகையால் அந்த ஒளி ஆழ ஊடுருவாமல் மேற்பரப்பின் சில மைக்ரான் கனத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு, ஒரு விநாடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்தில் அந்தப் படலத்தைப் பல நூறு டிகிரிக்குச் சூடேற்ற, கார்பனேட் கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. அமிலத்துக்கு எளிதில் மசியாத படிகம் எஞ்சுகிறது.

மழையில் கரைந்துபோகும் பச்சைச் செங்கல், சூளையில் வெந்தபின் அதே மழையைத் தாங்கி நிற்பது போன்றது இது. ஆனால் உமி கலந்த கல்லைச் சுட்டால் உமி கருகி இடமெல்லாம் துளையாவதுபோல, வேரின் டென்டின் என்னும் திசுவில் கலந்திருக்கும் கொலாஜன் நாரும் உஷ்ணம் மிகுந்தால் கருகிப்போகும். சூளையின் தீ கட்டுமீறினால் கல் வெடிப்பதுபோலப் பல்லிலும் நுண்ணிய வெடிப்புகள் விழும். இந்தச் சூளைக்கு உள்ளேயோ உயிருள்ள பற்கூழ் குடியிருக்கிறது, அதன் வெப்பம் 5.5 டிகிரி உயர்ந்தாலே ஊறு நேரலாம். ஆதலால் ஒளித்துடிப்பின் அளவும் கால நிர்ணயமுமே இச்சிகிச்சையின் ஜீவநாடி.

சரித்திரத்தைச் சுருங்கச் சொன்னால், 1960-இல் மைமன் என்பவர் ரூபி லேசரை இயக்கிக்காட்டிய சில ஆண்டுகளுக்குள் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், சோக்னேஸ் என்ற ஆய்வாளர்கள் அதைப் பல்லின்மேல் பாய்ச்சிப் பார்த்தார்கள். 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரைப் படைத்த குமார் படேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர்.

வாசகரின் கேள்விக்குத் திரும்புவோம். லேசரும், சொத்தையைத் தடுக்கும் புளூரைடும் சேரும்போது பலன் தனித்தனியாகக் கிடைப்பதைவிட மிகுதி என்று பல பரிசோதனைகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில், ஆய்வுக்கூடத்தில் நடந்தவை. உமிழ்நீரும் உணவும் கிருமியும் ஓயாமல் மாறிவரும் வாய் வேறு களம். அதற்கு மாறாக, 5000 பி.பி.எம். புளூரைடு கொண்ட பற்பசை வேர்ச்சொத்தையை அடக்குவது நோயாளிகளிடமே சோதித்து அறியப்பட்டது. எனவே வேர் வெளித்தெரியும் பல் உள்ளவர்கள் முதலில் பல் வைத்தியரிடம் புளூரைடைப் பற்றிக் கேளுங்கள், இனிப்பை அடிக்கடி கொறிப்பதை விடுங்கள். லேசர் இவற்றுக்குத் துணையாகலாம், பதிலாகாது.