பழைய பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் எழும் ‘டொக்’ ஒலி

நெல் மூடைகளையும் மரக்கறிக் கூடைகளையும் சந்தைக்குக் கொண்டு செல்லும் பிக்கப் வண்டி, உழவு இயந்திரத்தைப் போன்றே இன்று கமத்தின் ஓர் உபகரணமாகும். இவற்றுட் பல இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை. குளக்கட்டின் மீதும் கிறவல் வீதியிலும் செல்லும்போது முன்பக்கத்தில் ‘டொக், டொக்’ என ஓர் ஒலி கேட்குமாயின், ‘பழைய வண்டி, அப்படித்தான் சத்தமிடும்’ என்று கூறி அதனை விட்டுவிடுவோர் பலர். இவ்வொலிகளுட் பெரும்பாலானவை அறுவடை முடியும்வரை பொறுக்கக்கூடியவையே. ஆயின் பொறுக்கத்தகாதவையும் இவற்றினிடையே உள. அவற்றைப் பிரித்தறிவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஓர் அலவாங்கு, ஒரு ஜக்கு, உறுதியான மரக்கட்டைகள், உதவிக்கு ஒருவர் ஆகியன போதும்.

முதலில் வெறும் பொருள்களை விலக்குதல் வேண்டும். ஆசனத்தின் பின்னாலுள்ள ஜக்கு, கட்டுத் தளர்ந்த பற்றறி, பெட்டியிற் கிடக்கும் மண்வெட்டி ஆகியவை எழுப்பும் ஒலி செசி வழியே பரவி, முன்சில்லிலிருந்து வருவது போலத் தோன்றும். அடுத்துச் சில்லு நட்டுகளை இறுக்கிப் பார்க்க. இது அற்பமான சோதனை போலத் தோன்றினும், தளர்ந்த நட்டுடன் ஓடும் வண்டி சில்லையே இழக்கக்கூடும்.

பின்னர், ஒலி எப்பொழுது எழுகின்றது என்பதை அவதானிக்க. சிறு கற்களின் மீது மெதுவாகச் செல்லும்போது விரைவாகத் தட்டும் ஒலி பெரும்பாலும் சமநிலைக் கம்பியின் இணைப்புகளிலோ, சொக் அப்சோபரின் மேல்நட்டிலோ உண்டாவது. பிறேக் பிடிக்கும்போதும், பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ கேட்குமாயின், புயங்களின் அடியிலுள்ள றப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கும். பிறேக்கின் கலிப்பரும் இவ்வாறு ஒலி செய்வதுண்டு. வண்டி நிற்கையில் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது எழும் ஒலி ரை ரொட் முனைகளையோ போல் ஜொயின்ட்டையோ சுட்டும். கியர் போட்டு கிளச்சை விடும் கணத்தில் மட்டும் கேட்கும் ஒலி, பெரும்பாலும் என்ஜின் தாங்கிகளிலோ இயக்கத் தண்டின் மூட்டிலோ எழுவது. வண்டியைப் பாரத்துடனும் பாரமின்றியும் ஓட்டிப் பார்த்தல் நன்று. பெட்டியின் பிற்பகுதியில் மூடைகள் மிகுந்தால் முன்பக்கம் எழும்பிப் புயங்களின் நிலை மாறும். அதனால் ஒலியும் மாறும்.

காதைக் காட்டிலும் கையே நம்பத்தக்கது. சில்லுகள் நிலத்தில் நிற்க, உதவியாளர் ஸ்ரியரிங்கை இருபுறமும் சிறிதளவே அசைக்க, நீர் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல்களை வைத்துப் பார்க்க. தளர்ந்த மூட்டின் தட்டலை விரல் உடனே உணரும். வண்டியைக் கழுவுமுன் ஒருமுறை பார்ப்பதும் பயனுடையது. அசையாதிருக்க வேண்டிய இடத்தில் மண் வெடித்திருப்பின், அல்லது துருத்தூள் செந்நிறமாகப் படிந்திருப்பின், அங்கு ஏதோ அசைகின்றது என்று கொள்க.

இனி, முக்கியமான பகுதியாகிய போல் ஜொயின்ட்டைக் கூறுவோம். சில்லைத் தாங்கும் முழங்காற்பகுதியை மேற்புயத்துடனும் கீழ்ப்புயத்துடனும் இணைக்கும் பந்து மூட்டே இது. ஒரு கிண்ணத்தினுள் உருக்குப் பந்து ஒன்று கிறீசில் திரும்புகின்றது. அதனை ஒரு றப்பர் உறை மூடியிருக்கும். வயற்பாதையின் நீரும் சேறும் கிழிந்த உறையினூடே புகுந்தால் கிறீஸ் கெட்டு, பந்தும் கிண்ணமும் துரிதமாகத் தேயும். தேய்வு மிகுந்து பந்து கழன்றுவிட்டால் சில்லு சாய்ந்து மடங்கும். வண்டி உமது கைக்கு அடங்காது. இது பழைய வண்டிகளுக்கு மட்டும் உரிய குறையன்று. 2005 ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப் முதலிய வண்டிகளைக் கீழ்ப் போல் ஜொயின்ட்டின் பொருட்டு மீள அழைக்க நேர்ந்தது.

நிலத்தில் நிற்கும் வண்டியில் இத்தேய்வு வெளிப்படாது. வில்லின் பாரம் மூட்டை இறுக்கி வைத்திருக்கும். வில்லு கீழ்ப்புயத்தில் தங்கியிருப்பின், அப்புயத்தின் அடியில், மூட்டுக்கு இயன்றவரை அண்மையில் ஜக்கை வைத்துச் சில்லைச் சிறிது உயர்த்துக. முறுக்குக் கம்பி மேற்புயத்துடன் பூட்டப்பட்டிருப்பின் செசியின் அடியில் உயர்த்துக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் செல்லலாகாது. செசியின் கீழ் மரக்கட்டைகளை அடுக்குக. செங்கல்லும் சீமெந்துக்கல்லும் திடீரென நொறுங்குமாதலால் ஆகா.

இப்பொழுது அலவாங்கை ரயரின் கீழ் இட்டு மேல்நோக்கி நெம்புக. மூட்டில் மேலுங்கீழுமாக அசைவு தெரியுமாயின், அது தேய்ந்துள்ளது. பின்னர் ரயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருப்பின் உதவியாளரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுக. ஆட்டம் மறைந்தால் குறை சில்லின் பெயறிங்கில் உள்ளது. மறையாவிடின் போல் ஜொயின்ட்டையோ புஷ்ஷையோ ஐயுறுக. ரயரின் இருபக்கங்களையும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைவதாயின் ரை ரொட் முனையைப் பார்க்க. போல் ஜொயின்ட்டிலோ ரை ரொட் முனையிலோ தெளிவான அசைவு கண்டால், அவ்வண்டியில் அடுத்த சுமையை ஏற்றாது, கழற்றி மாற்றுவித்தல் வேண்டும். பெயறிங் தளர்ந்திருப்பின் அதனையும் தாமதியாது சீர்செய்விக்க.

முன்பக்கத்திலும் லொறியைப் போலப் பட்டைவில்லு பூட்டிய வண்டிகளில் ஒலி பெரும்பாலும் வில்லின் முனைப் புஷ்களில் எழும். அவற்றில் ‘யூ’ போல்ற்றுகளின் இறுக்கத்தையும் பார்க்க. அவை தளர்ந்தால் நடுப்போல்ற் முறிந்து அச்சு இடம்பெயரும், இதுவும் காத்திருக்கத்தக்கதன்று.

முறுக்குக் கம்பி வண்டிகளில் நம்மவர் செய்யும் ஒரு காரியத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். முன்பக்கம் தாழ்ந்துவிட்டால் கம்பியின் சரிப்படுத்தும் போல்ற்றை முறுக்கி வண்டியை உயர்த்துவர். அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால், ஒவ்வொரு குழியிலும் சில்லு கீழிறங்கும்போது புயம் தன் தடுப்பில் மோதி ‘டொக்’ என ஒலிக்கும். புதிய உறுப்புகள் எத்தனை மாற்றினும் அவ்வொலி நீங்காது. கைநூலிற் கூறிய உயரத்துக்கு இறக்குவதே பரிகாரம். கம்பியைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுக. அதில் அடங்கியுள்ள விசை கையை முறிக்கவல்லது.

சமநிலைக் கம்பியின் இணைப்பில் ஐயமிருப்பின் இருபுற இணைப்புகளையும் கழற்றி, கம்பி எதிலும் முட்டாதவாறு கட்டி, வளவுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ஒலி நின்றால் குறை அங்கேயே உள்ளது. அவ்வாறே வீதிக்குச் செல்லற்க.

ஒலியை அடக்குவதற்காக றப்பர் புஷ்களில் கழிவெண்ணெய் பூசும் வழக்கம் தீயது. எண்ணெயில் றப்பர் ஊதி இளகும். புதிய புஷ் இட்டபின், அதன் போல்ற்றைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்குதல் பெருந்தவறு. வண்டியை நிலத்தில் இறக்கி, தன் பாரத்தில் நிற்கச் செய்தபின்னரே இறுதியாக இறுக்கவேண்டும். அன்றேல் றப்பர் எந்நேரமும் முறுகி நின்று விரைவிற் கிழியும். கறாச்சில் இதனை நேரில் நின்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இடப்படல் வேண்டும்.

பசளை மூடை ஏற்றிய நாட்களில் சிந்திய உப்பு ஈரத்துடன் சேர்ந்து இரும்பை அரிக்குமாதலால், வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுக. போல் ஜொயின்ட், ரை ரொட் முனை, புயப் புஷ் ஆகியவற்றுள் எதனை மாற்றினும் சில்லுகளின் நேர்மையைச் சரிபார்ப்பிக்க. இன்றேல் புதிய ரயரும் ஒரே போகத்தில் ஓரந் தேய்ந்துவிடக்கூடும்.