தலைமுடியை வரையாத ஓவியர்

மரியா லாஸ்நிக் வரைந்த சுயஉருவப் படங்கள் பலவற்றில் தலைமுடி கிடையாது. சிலவற்றில் காது இல்லை, சிலவற்றில் கையே இல்லை. வரைகிற நேரத்தில் உடம்பின் எந்தப் பகுதியை உள்ளிருந்து உணர முடிகிறதோ, அதை மட்டுமே வரைவது என்று அவர் வைத்துக்கொண்ட கணக்கு அது. முடிக்கு ஏது உணர்ச்சி? அதனால் படத்திலும் அதற்கு இடமில்லை.

1919-இல் ஆஸ்திரியாவின் கரிந்தியா பகுதியில் பிறந்த லாஸ்நிக், 1940-களின் இறுதியிலேயே இந்த வழியில் இறங்கிவிட்டார். பிறகு பாரிஸ், நியூயார்க் என்று இடம் மாறினாலும் பிடித்த பிடியை விடவில்லை. ‘உடலுணர்வு ஓவியம்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

வேலை செய்யும்போது கண்ணாடி பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொள்வார். கேன்வாஸைத் தரையில் விரித்து, பக்கத்தில் படுத்தபடியே வரைந்ததும் உண்டு. உட்காரும்போது பின்புறத்தில் ஏறும் அழுத்தம், தோளில் ஒரு இறுக்கம், வயிற்றில் ஒரு கனம் எல்லாம் அவருக்கு வரைபொருள்தான். தன்னையே நாற்காலியாகவும் வரைந்திருக்கிறார். நிறமும் அப்படியே: நெற்றிக்கு எண்ணத்தின் நிறம், மூக்குக்கு வாசனையின் நிறம், வலிக்குத் தனி நிறம்.

இதைக் கனவுலக ஓவியத்தோடு சேர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதுகுவலி என்று போனவரிடம் டாக்டர் ‘எப்படி வலிக்கிறது?’ என்று கேட்டால், குத்துது, குடையுது, இழுக்குது என்று அவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தை ஒளிக்காமல் தூரிகையால் எழுதியவர் லாஸ்நிக். யதார்த்த ஓவியம் என்றால் இதுதான். எல்லாப் படமும் தேறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆரம்பகால அரூப ஓவியங்கள் சில, அவருடைய முறை தெரியாதவர் கண்ணுக்கு வெறும் வண்ணத் திட்டாகவே நிற்கும்.

‘நீயா நானா’ என்று பொருள்படும் தலைப்பில் 2005-இல் வரைந்த படத்துக்கு எந்த விளக்கமும் வேண்டாம். 85 வயதைத் தாண்டியவர், நிர்வாணமாக, முடியில்லாத தலையோடு உட்கார்ந்திருக்கிறார். கண்கள் அகல விரிந்திருக்கின்றன. ஒரு கைத்துப்பாக்கி அவர் நெற்றிப்பொட்டில், இன்னொன்று பார்க்கிற நம்மை நோக்கி. தளர்ந்த தோலில் ரோஜா நிறத்தோடு பச்சையும் ஓடுகிறது. பின்னணி வெறும் வெள்ளை, ஒதுங்க ஓரிடம் இல்லை. மூப்படைந்த பெண்ணுடலை இரக்கமும் கேலியும் கலக்காமல் இப்படிக் காட்டிய ஓவியங்கள் மிகக் குறைவு.

ஊர் உலகம் அவரை மெதுவாகத்தான் கண்டுகொண்டது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஓவியத்துக்கான முதல் பெண் பேராசிரியராக வியன்னாவில் அவர் பொறுப்பேற்றது 1980-இல், 60 வயதுக்குப் பிறகு. வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை வெனிஸ் பியன்னாலே அவருக்குக் கொடுத்தது 2013-இல். மறு ஆண்டு மே மாதம், தம் 94-ஆம் வயதில், வியன்னாவில் காலமானார்.