வாழத் தக்க ஊரும் வானிலைக் கணக்கும்

ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயர எண்ணுபவர் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைத்தெரு ஆகியவற்றையெல்லாம் நுணுகி விசாரிப்பர். ஆனால் அவ்வூரின் தட்பவெப்ப நிலை எத்தகையது என்று கேட்டால், "அங்கே நல்ல குளிர்ச்சி" என்றோ, "அங்கே வெயில் சற்று அதிகம்" என்றோ ஒரே வாக்கியத்தில் விடை கூறி முடித்துவிடுவர். வீடு பிடிக்காவிடின் வேறு வீடு பார்க்கலாம்; பள்ளி பிடிக்காவிடின் வேறு பள்ளி தேடலாம். வானத்தை மாற்றிக்கொள்ள ஒருவராலும் இயலாது. பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தங்கிவிட ஊர் தேடுவோரும், முதிய பெற்றோரைத் தம்முடன் அழைத்து வைத்துக்கொள்ள விரும்புவோரும் இதனை முன்னதாகவே எண்ணிப் பார்த்தல் நலம்.

முதற்கண் நாம் வழங்கும் சொல்லையே கவனிப்போம். தட்பம் என்பது குளிர்ச்சி. வெப்பம் என்பது சூடு. வடமொழி வழி வந்த 'சீதோஷ்ணம்' என்னும் சொல்லுக்கும் அதுவே பொருள். இவ்விரு சொற்களும் குளிரையும் சூட்டையும் மட்டுமே சுட்டுகின்றன. காற்றிலுள்ள ஈரம், மழை பெய்யும் மாதங்கள், இரவின் புழுக்கம், மூடுபனி, புழுதி, புகை ஆகியன இச்சொற்களுள் அடங்கவில்லை. ஆயினும் ஓர் ஊரில் வாழ்வது எளிதா அரிதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வன இவையே.

அடுத்து, 'சராசரி' என்னும் கணக்கு நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்ற வல்லது என்பதைக் காண்போம். டில்லியின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரி சென்டிகிரேடு. பெங்களூரின் சராசரி ஏறக்குறைய 24 டிகிரி. இவ்விரண்டு எண்களை மட்டும் காண்பவர், இரு நகரங்களும் உடன்பிறந்தவை என்றே கருதுவார். உண்மை யாது? பெங்களூரில் மிகவும் வெப்பமான ஏப்ரல் மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரியை ஒட்டி நிற்கும். குளிர்காலத்து இரவுகளில் 16 டிகிரி அளவுக்கு இறங்கும். டில்லியிலோ மே, ஜூன் மாதங்களில் நாள்தோறும் 40 டிகிரி அளவில் வெயில் காயும். ஜனவரி இரவுகளில் 7 டிகிரி வரை தணியும். கொதிநீரையும் பனிநீரையும் கலந்தால் வெதுவெதுப்பான நீர் கிடைப்பது போல, டில்லியின் கோடையும் குளிரும் கலந்து அந்த 25 டிகிரி பிறக்கிறது. அந்நகரில் வாழ்பவர் கலந்த நீரில் குளிப்பதில்லை. ஒரு பருவத்தில் ஒன்றிலும், மற்றொரு பருவத்தில் மற்றொன்றிலும் குளிக்கிறார். ஆகவே, ஆண்டுச் சராசரியை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டு மாதங்களையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

இனி ஈரப்பதத்தின் செய்தி. நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையினால். வியர்வை வெளிப்படுதல் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். காற்று வறண்டிருந்தால் வியர்வை விரைவில் உலரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உடலிலேயே நின்றுவிடும். பம்பாய் என முன்னர் வழங்கிய மும்பையில் மே மாதப் பகல் வெப்பம் 33, 34 டிகிரிக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. டில்லியோடு ஒப்பிட அது மிகக் குறைவு. எனினும் கடற்காற்றின் ஈரத்தால் இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. டில்லியின் மே மாதத்தில் 'லூ' என்னும் அனற்காற்று உடலின் நீரை உறிஞ்சிவிடுகிறது. நிழலில் இருந்து நிறைய நீர் அருந்துவோர் ஒருவாறு தாங்கிக்கொள்வர். வடநாட்டார் சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளித்ததும், இன்று இல்லந்தோறும் 'கூலர்' வைப்பதும் இந்த வறட்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் உபாயங்களே. ஜூலையில் பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் அதே கூலர் பயனற்றுப் போகிறது; வெப்பமானி முன்னைவிடக் குறைவாகக் காட்டும்போதே மக்கள் முன்னைவிட அதிகமாகத் தவிக்கின்றனர். கடற்கரை நகரத்தில் கூலர் வாங்கி வைத்தால் மிஞ்சுவது ஈரச் சுவர் மட்டுமே. ஆகவே, வெப்ப அளவோடு ஈரப்பதத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

மழையைப் பொறுத்தவரை, எவ்வளவு பெய்கிறது என்பதோடு எப்பொழுது பெய்கிறது என்பதும் முக்கியம். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. சென்னையில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. பெங்களூரின் மழையோ அளவில் இவற்றினும் குறைவாயினும், கோடை தொடங்கி ஐப்பசி வரை பரவிப் பெய்கிறது. வரைபடத்தில் அருகருகே உள்ள ஊர்கள் வானிலையிலும் அண்டை வீட்டாராக இருக்கும் என்று நம்புதல் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் அமைந்த மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில், மலையின் மறைவுப் பக்கத்திலுள்ள புனேயில் 750 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. மேகங்கள் மலைமேல் ஏறும்போதே தம் சுமையை இறக்கிவிடுவதே இதற்குக் காரணம். வெள்ளத்தையும் மறத்தல் ஆகாது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தொடங்கி ஒரே நாளில் மும்பையின் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரம் ஏற்றதாயினும், நாம் பார்க்கும் தெரு தாழ்வான பகுதியில் உள்ளதா என்பதைத் தனியே விசாரித்தல் வேண்டும்.

மலையூர்களை நாடுவோர் பலர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. பெங்களூரின் இதத்துக்கு அது 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதே முதற்காரணம். ஆயின் மேலும் உயரே செல்லச் செல்லக் கோடையின் இன்பத்துக்குக் குளிர்காலத்தில் விலை கொடுக்க நேரிடும். இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1864ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசு சிம்லாவைக் கோடைத் தலைநகராகக் கொண்டது. குளிர்காலம் வந்ததும் சமவெளிக்கு இறங்கிவிட்டது. விரும்பிய இடத்தில் மாளிகை எழுப்ப வல்ல ஆட்சியாளருக்கே பன்னிரண்டு மாதமும் பொருந்திய ஓர் ஊர் அகப்படவில்லை. மூட்டை முடிச்சுகளுடன் ஆண்டுக்கு இருமுறை இடம்பெயர நம்மால் இயலுமா?

வானிலையோடு வீட்டையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். டில்லியில் பல வீடுகள் வெயிலைத் தடுக்கக் கட்டப்பட்டவை. குளிரைத் தடுக்கக் கட்டப்பட்டவை அல்ல. ஆதலால் ஜனவரியில் வெளியே வெயில் காயும்போதும் அறைக்குள் தரை சில்லென்றிருக்கும். அறையின் கதவை அடைத்துக்கொண்டு கரியடுப்பை மூட்டிக் குளிர்காய்ந்து, அதன் நச்சுப்புகையால் உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகள் வடநாட்டுக் குளிர்காலங்களில் வந்தவண்ணம் உள்ளன. அக்டோபர் இறுதி முதல் அங்கே காற்றின் ஓட்டம் குறைந்து, புகையும் தூசும் தரையை ஒட்டியே தேங்கி நிற்கும். மூச்சிரைப்பு உள்ளவர்க்கு அந்நகரின் கொடிய மாதம் மே அன்று, நவம்பரே.

இங்ஙனம் 'கொடிய மாதம்' என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில் பகலைக் கழிப்பவருக்கு உள்ள கோடை வேறு. மாடி வீட்டில் மொட்டைமாடிச் சூட்டின் கீழ் நாள் முழுவதும் இருக்கும் தாயாருக்கு உள்ள கோடை வேறு. குடும்பத்தில் ஊரைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் முதலாமவர். வானிலையை அனுபவிப்பவர் இரண்டாமவர்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் பகலின் உச்ச வெப்பம், இரவின் தாழ் வெப்பம், ஈரப்பதம், மழையளவு, மழை நாட்கள் ஆகிய ஐந்தையும் குறியுங்கள். 1875ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய வானிலைத் துறை, முப்பது ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு இவ்வளவைகளைக் கணித்து வெளியிடுகிறது. 1991 முதல் 2020 வரையிலான கணக்கையே கொள்ளுங்கள். "எங்கள் காலத்தில் பெங்களூரில் மின்விசிறியே கிடையாது" என்னும் பெரியவர் பேச்சு இனிய நினைவாகலாம். இன்றைய சான்று ஆகாது. நகரங்கள் பெருகி, மரங்கள் குறைந்து, இரவுகள் சூடேறிவிட்டன. பின்னர், வீட்டில் மிகவும் மெலிந்தவர் எவரோ அவருக்கு எந்தெந்த மாதங்கள் தாங்க அரியவை என்று அடையாளம் இடுங்கள். இரு ஊர்களுக்கும் தாள் எழுதி அருகருகே வைத்தால், எந்த ஊரில் அடையாளங்கள் குறைவு என்பது தானே விளங்கும்.

இறுதியாக ஒன்று. புதிய ஊரை நேரிற்காணச் செல்வோர் டிசம்பர் விடுமுறையில் சென்று, அதன் இனிமையில் மயங்கித் திரும்புகின்றனர். அங்ஙனமன்றி, தாளில் அடையாளமிட்ட அந்தக் கொடிய மாதத்திலேயே ஒரு வாரம் சென்று தங்குங்கள். இயன்றால் அம்முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு வாரம் தாங்குமாயின், எஞ்சிய மாதங்களை அவ்வூரில் அச்சமின்றிக் கழிக்கலாம்.